கடலும் சாத்தானும்

தோற்றுப்போன ஒரு சினிமாப் படத்தைப் பற்றித் தலையங்கம் எழுத வேண்டிய அவசியம் என்ன என்று நம் வாசகர்களில் சிலர் கேட்கக்கூடும். நாம் எழுதப்போவது 2013-ம் வருஷம் பிப்ரவரி 1-ந் தேதி வெளிவந்து, வெகு சீக்கிரத்தில் கொட்டகைகளைக் காலி செய்துவிட்டுப் போன "கடல்" என்னும் படத்தைப் பற்றியாகும். படம் தோற்றது உண்மை. விநியோகஸ்தர்கள் நஷ்டம் நஷ்டம் என்று முறையிட்டது அப்போது பத்திரிகைகளிலும் வந்தது. ஆனால் அந்தப் படம் எந்த எண்ணத்தின்மேல் நின்றதோ, அந்த எண்ணம் இன்னும் தோற்கவில்லை. அது தாம்பரத்திலும், பல்லாவரத்திலும், குரோம்பேட்டையிலும், நம்முடைய வீட்டுத் திண்ணைகளிலேயே கால்மேல் கால் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. ஆகையால்தான் எழுதுகிறோம்.

சில நாட்களுக்கு முன் தாம்பரம் பக்கத்துத் தோழர்கள் சிலர் அப்படத்தை டெலிவிஷனில் பார்த்துவிட்டு, இரண்டு கட்சியாகப் பிரிந்து நம்மிடம் வாதாட வந்தார்கள். ஒரு கட்சியார், "பாதிரிமாரை இவ்வளவு கேவலமாகக் காட்டியிருக்கிறார்களே, இது நம்முடைய படமல்லவா?" என்றார்கள். மற்றக் கட்சியார், "படம் பூராவும் பாவம், மன்னிப்பு, கர்த்தர், சாத்தான் என்றே இருக்கிறதே, இது மதப் பிரசாரமல்லவா?" என்றார்கள். நம்முடைய அபிப்பிராயம் என்னவென்றால், பாதிரியைத் திட்டுகிற படமெல்லாம் பகுத்தறிவுப் படமாகிவிடாது என்பதே. ஒரு கெட்ட பாதிரியைக் காட்டி, பிறகு ஒரு நல்ல பாதிரியைக் காட்டி, நல்லவரால் உலகம் பிழைக்கிறது என்று முடித்தால், அதனால் லாபமடைவது பாதிரி உத்தியோகமே ஒழிய, பாமர ஜனங்கள் அல்ல. நம் புராணங்களிலும் அசுரன் இல்லாமல் சாமிக்கு வேலை ஏது?

இப்படத்தை எடுத்தவர்கள் சாதாரணமானவர்களல்ல. எடுத்தவர் மணிரத்னம் அவர்கள். கதை ஜெயமோகன் அவர்கள். சங்கீதம் ஏ. ஆர். ரஹ்மான் அவர்கள். படம் பிடித்தவர் ராஜீவ் மேனன் அவர்கள். அரவிந்த்சாமி, அர்ஜுன் போன்ற பெயர்பெற்ற நடிகர்கள் நடித்திருக்கிறார்கள். பாட்டுகள் படம் வருவதற்கு முன்பே ஊரெங்கும் ஒலித்தன. அலையும் மணலும் மேகமும் கண்ணுக்குக் குளிர்ச்சியாகவே காட்டப்பட்டிருக்கின்றன. இவ்வளவு பேருடைய சாமர்த்தியமும் இவ்வளவு பணமும் சேர்ந்தும் படம் ஏன் நிற்கவில்லை? கெட்டிக்காரத்தனம் போதாமல் தோற்கவில்லை. அஸ்திவாரம் போட்ட இடம் தவறு என்பதுதான் நம் முடிவு. அதை விளக்குவோம்.

கதையின் ஆரம்பத்தில் குருமடத்தில் இரண்டு பேர் படிக்கிறார்கள். ஒருவர் சாம் பெர்னாண்டோ. வசதியான வீட்டுப் பிள்ளை, பக்திக்காக வந்தவர். மற்றவர் பெர்க்மான்ஸ். புத்திசாலி, ஆனால் வறுமைக்காக வந்தவர். பெர்க்மான்ஸ் ஒரு பெண்ணோடு இருப்பதைச் சாம் கண்டு மேலே சொல்லிவிடுகிறார். பெர்க்மான்ஸ் வெளியேற்றப்படுகிறார், பழிவாங்குவதாகச் சபதம் செய்கிறார். நிற்க, இன்னொரு பக்கத்தில் ஒரு மீனவக் கிராமம். விபசாரத்தால் வயிறு வளர்த்த ஒரு பெண் சாகிறாள். அவளுடைய சிறு பையன் தாமஸ் அநாதையாகிறான். அவனுக்குத் தகப்பன் அதே ஊரில் இருக்கிறான். ஆனால் பையனைத் தன் பிள்ளை என்று சொல்ல மாட்டேன் என்கிறான். ஊர் அவனை நாயைப்போல் விரட்டுகிறது.

தோழர்களே! இந்த இடம் வரையில் படம் உண்மையைப் பேசுகிறது என்று ஒப்புக்கொள்ளுகிறோம். ஒருவன் பாதிரியாவதற்குக் காரணம் பசி. ஒரு குழந்தை தெருவில் நிற்பதற்குக் காரணம், ஆணுக்கு ஒரு நீதி, பெண்ணுக்கு ஒரு நீதி என்று வைத்திருக்கிற சமூகக் கட்டுப்பாடு. பெற்றவன் கௌரவமாக நடமாடுகிறான். பெற்றவள் கேவலமாகச் சாகிறாள். பிறந்தவன் பிறந்த குற்றத்துக்காக உதைபடுகிறான். இந்த இரண்டு காரணங்களையும் விடாமல் பிடித்துக்கொண்டு போயிருந்தால், தமிழில் வந்த சிறந்த படங்களில் ஒன்றாக இது இருந்திருக்கும். நம் கையாலேயே அதைப் பாராட்டி எழுதியிருப்போம்.

ஆனால் நடந்தது என்ன? அந்த இரண்டு காரணங்களையும் கரையிலேயே விட்டுவிட்டு, படம் மோட்சத்துக்கும் நரகத்துக்கும் நடுவில் நடக்கும் சண்டைக்குப் போய்விடுகிறது. பெர்க்மான்ஸ் தன்னைச் சாத்தான் என்று சொல்லிக்கொள்ளுகிறார். சாம் பாதிரியார் கர்த்தருடைய ஆளாகிறார். தாமஸ் என்கிற பையன் இந்த இரண்டு பேருக்கும் நடுவே பந்தயப் பொருளாகிறான். நல்லவர்மேல் பழி விழுகிறது; அவர் சிறைக்குப் போகிறார்; பையன் கெட்டவனிடம் போய்ச் சேருகிறான். கடைசியில் புயலடிக்கிற கடலில் சண்டை. அந்தச் சண்டையில் யார் ஜெயித்தால் என்ன? பையனைப் பெற்றவன் ஏன் அவனை ஒப்புக்கொள்ளவில்லை, அவன் தாய் ஏன் அப்படிப் பிழைக்க நேர்ந்தது, பெர்க்மான்ஸ் வீட்டில் ஏன் சோறில்லை என்ற கேள்விகள் அப்படியே நிற்கின்றன. கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலுக்குப் பதிலாகப் பிசாசைக் காட்டினால் ஜனங்களுக்குச் சலிப்பு வராமல் என்ன வரும்? சாஸ்திரமும் தத்துவமும் படிக்காத சாமானிய ஜனங்கள், தங்களை யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று மாத்திரம் உணர்ந்து எழுந்து போனார்கள். அவர்கள் போனது சரியென்றே சொல்லுவோம்.

மன்னிப்பு விஷயத்தையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். தாமஸ் அக்கிரமக் கூட்டத்தில் சேர்ந்த பிறகு, குழந்தை மனதுடைய பியாட்ரிஸ் என்ற ஒரு பெண்ணைச் சந்திக்கிறான். ஒரு பிரசவத்துக்கு உதவி செய்த பின், அவனுடைய பாவம் போய்விட்டதாக அவள் சொல்லிவிடுகிறாள். பார்ப்பதற்கு உருக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நாம் கேட்கிறோம்: அந்தக் கூட்டத்தால் கெட்டுப்போன குடும்பங்களை ஒரு வார்த்தை கேட்டார்களா? அடிபட்டவன் ஒருவன், மன்னிக்கிறவர் வேறொருவர் என்றால் இது என்ன நியாயம்? கங்கையில் முழுகினால் கொலைப் பாவமும் போய்விடும் என்கிற பார்ப்பனப் புரட்டுக்கும் இதற்கும் தண்ணீர் வித்தியாசத்தைத் தவிர வேறு வித்தியாசம் என்ன? குற்றம் செய்தவன் திருந்தக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. திருந்துகிறவன் கெடுத்த இடத்தில் போய்ச் சரிசெய்யட்டும். ஆகாயத்தைப் பார்த்து அழுதால் அவனுக்கு மனம் லேசாகலாம். பாதிக்கப்பட்டவன் வீட்டில் உலை கொதிக்காது.

அந்தப் பெண் பாத்திரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவள் நல்லவளாக இருப்பதற்கு அவளுக்கு அறிவு வளராமல் இருக்க வேண்டும் என்று கதை கட்டியிருக்கிறார்கள். நம் தாம்பரம் இருக்கிற இதே செங்கல்பட்டு ஜில்லாவில், 1929 பிப்ரவரியில் முதலாவது சுயமரியாதை மாகாண மகாநாடு கூடி, பெண்களுக்கு ஆண்களைப்போலச் சொத்துரிமை வேண்டும், பிடிக்காத கலியாணத்தை விட்டு விலகவும் உரிமை வேண்டும் என்று தீர்மானம் செய்தது. அதற்கு 84 வருஷம் கழித்து வந்த படத்தில் உத்தமிக்கு இலக்கணம் ஒன்றும் தெரியாமலிருப்பது என்றால், நாம் நடந்த தூரம் எவ்வளவு, நடக்க வேண்டிய தூரம் எவ்வளவு என்பதை வாசகர்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். இன்னொரு வேடிக்கை: தகப்பன் பேர் சொல்ல வழியில்லாத பையனின் கதைக்கு, பாட்டன் முத்துராமன், தகப்பன் கார்த்திக் என்று இரண்டு தலைமுறை நடிகர் குடும்பத்துப் பிள்ளையையும், நடிகை ராதாவின் மகளையும் தேடிப் பிடித்தார்கள். அந்த இளைஞர்களை நாம் குறை சொல்லவில்லை. பிறப்பினால் வரும் பெருமை சினிமாவிலும் எப்படி வேலை செய்கிறது என்பதற்காகவே குறிப்பிடுகிறோம்.

இது எப்படியோ இருக்கட்டும். படம் பிடிக்கப்பட்ட ஊரைப் பற்றி இப்போது யோசிப்போம். தூத்துக்குடி ஜில்லாவில், திருச்செந்தூருக்குத் தெற்கே இருக்கிற மணப்பாட்டிலும் அதை ஒட்டிய கரையிலும் இப்படத்தைப் பிடித்தார்கள். மணப்பாடு ஒரு காலத்தில் கொழும்பு வியாபாரத்தால் செழித்த ஊர். பெரிய பெரிய வீடுகள் கட்டி வாழ்ந்தார்கள். வியாபாரம் போன பிறகு வீடுகளில் பல பூட்டிக் கிடக்கின்றன. இன்றைக்கு அவ்வூர் வெளியூரார் வந்து பார்த்துவிட்டுப் போகிற ஊராக இருக்கிறது. குன்றின் மேல் 1581-ல் கட்டப்பட்ட திருச்சிலுவைக் கோயில். செப்டம்பர் 14-ந் தேதி திருவிழா. அதற்கு வருகிற கூட்டம். அலைமேல் பலகை விட்டு விளையாட வருகிறவர்கள். திருவிழா முடிந்தால் ஊர் மறுபடியும் மௌனமாகிவிடுகிறது.

இந்தக் கரையில் மதம் வந்த கதையே நமக்கு ஒரு பாடமாகும். 1530-களில் இக்கரையின் பரதவர் ஆயிரக்கணக்காகக் கிறிஸ்தவரானார்கள். பிரான்சிஸ் சவேரியார் இங்கே வந்தது அதற்குப் பிறகு, 1542-ல்தான். அப்படியானால் அவ்வளவு பேர் எந்த வேத வாதத்தைக் கேட்டு மதம் மாறினார்கள்? முத்துக் குளிக்கும் துறைகள் யார் கையில் இருப்பது என்ற சண்டையில் தங்களைக் காப்பாற்றப் போர்ச்சுகீசியருடைய கப்பலும் பீரங்கியும் தேவைப்பட்டன, மாறினார்கள். அதாவது கர்த்தருக்கும் சாத்தானுக்கும் நடந்த சண்டையில் அல்ல, தொழிலுக்கும் வயிற்றுக்கும் நடந்த சண்டையில் மதம் கரையேறியது. அதற்குப் பின் வந்த பாதிரிமாரும் கன்னியாஸ்திரிகளும் பள்ளிக்கூடங்கள் வைத்ததையும், நம் பார்ப்பனர்கள் படிக்கக் கூடாதென்று தள்ளி வைத்தவர்களுக்கு எழுத்தறிவித்ததையும் நாம் மறைக்க மாட்டோம். அந்த நன்மையைச் செய்தது பலகையும் பலப்பமும், பூசையல்ல.

நிற்க, படம் வெளிவருவதற்கு ஐந்து மாதத்துக்குள் அந்த மணப்பாட்டில் என்ன நடந்தது தெரியுமா? கூடங்குளம் அணு உலையை எதிர்த்து இடிந்தகரைப் பக்கத்தில் கூடியிருந்த ஜனங்களைப் போலீசார் 2012 செப்டம்பர் 10-ந் தேதி தடியடியாலும் கண்ணீர்ப் புகையாலும் கலைத்தார்கள். செய்தி கேட்டுக் கரையோர ஊர்களெல்லாம் கொதித்தன. அன்றைக்கே மணப்பாட்டில் போலீசார் சுட்டதில் ஒரு மீனவர் செத்துப்போனார். திருச்சிலுவைத் திருவிழாவுக்கு நான்கு நாள் இருக்கும்போது இது நடந்தது. படம் வெளிவந்த 2013-லேயே, அதே ஜில்லாவில் வைப்பாற்றுப் பக்கம் கடற்கரைத் தாது மணலை முறைகேடாக அள்ளுகிறார்கள் என்ற புகாரின்மேல் சோதனை நடந்தது. அவ்வருஷத்திலேயே சர்க்கார் அத்தொழிலை நிறுத்தி வைத்தது.

இச்சம்பவங்களை ஏன் காட்டவில்லை என்று படக்காரர்கள்மேல் நாம் குற்றம் சாட்டவில்லை. கதை வேறு காலத்துக் கதை.  நாம் சொல்லுவது இதுதான்: துப்பாக்கிக்கும், மணல் அள்ளும் இயந்திரத்துக்கும், முன்பணம் கொடுத்துவிட்டு வலையில் விழுகிற மீனையெல்லாம் தன் விலைக்கே கேட்கிற தரகருக்கும் நடுவில் ஒரு ஜனக்கூட்டம் பிழைத்துக்கொண்டிருக்கிறது. அந்த ஜனங்களைப் பின்னால் நிறுத்தி வைத்துக்கொண்டு, "உங்கள் துன்பத்துக்குக் காரணம் சாத்தான்" என்று கதை சொன்னால், லாபம் யாருக்கு? சாத்தானுக்குக் கைவிலங்கு போட முடியாது. சாத்தான்மேல் வழக்குத் தொடுக்க முடியாது. சாத்தான் கணக்குப் புத்தகத்தைக் காட்டு என்று கேட்க முடியாது. குற்றவாளிகளுக்கு இதைவிட வசதியான எதிரி வேறு யார் கிடைப்பான்?

கடலைப் பற்றியும் அப்படியே. படத்தில் புயல் வருவது கதாபாத்திரங்களின் மனத்துக்குத் தகுந்தபடி வருகிறது. உண்மைக் கடல் அப்படி நடப்பதில்லை. 2004 டிசம்பர் 26-ந் தேதி காலை சுமார் 6.30 மணிக்குச் சுமத்ராவுக்கு அருகே கடலடியில் நிலம் அதிர்ந்தது. அலை நம் கரைக்கு வந்துசேர இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று. அந்த இரண்டு மணி நேரத்தில் ஒரு சொல் வந்திருந்தால், தமிழ்நாட்டில் மாண்ட ஏறக்குறைய 8,000 பேரில் பெரும்பாலோர் மேட்டுக்கு நடந்தே போய்ப் பிழைத்திருப்பார்கள். சொல்லுவதற்கு ஏற்பாடு இல்லை. வேளாங்கண்ணியில் மாதாவும் சொல்லவில்லை. வேறெந்தக் கரையில் எந்தச் சாமியும் சொல்லவில்லை. பிறகு 2007-ல் ஹைதராபாத்தில் எச்சரிக்கை நிலையம் ஏற்படுத்தப்பட்டது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோதோ, முன்னமே ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்களுக்கு எச்சரிக்கை எட்டாமல் குமரிக் கரையில் எத்தனையோ வீடுகள் இழவு வீடுகளாயின. நம் மீனம்பாக்கத்தில் கருவி வைத்துக் காற்றையும் மழையையும் அளக்கிறார்கள். அந்த அளவு படகுக்காரன் காதுக்குப் போய்ச் சேருவது எப்படி என்பதுதான் பிரச்சினை. அதற்கு வேண்டியது கம்பியில்லாக் கருவியும், பொறுப்புள்ள சர்க்காரும். சாத்தானை ஓட்டுவதற்கான ஜெபமல்ல.

சினிமா என்றாலே இப்படித்தான் என்று சிலர் சொல்லக்கூடும். பெரியார் சினிமாவை நாட்டைப் பிடித்த ஐந்து நோய்களில் ஒன்றாக வைத்தது நமக்குத் தெரியும். ஆனாலும் அதே சினிமாவைக்கொண்டு 1949-ல் "வேலைக்காரி"யும், 1952-ல் "பராசக்தி"யும் பணக்காரனையும் பூசாரியையும் ஜனங்கள் முன் நிறுத்திக் கேள்வி கேட்டன. அவ்வளவு தூரம் போவானேன்? "கடல்" வருவதற்கு இரண்டு மாதம் முன்பு, 2012 நவம்பரில், சீனு ராமசாமி அவர்களின் "நீர்ப்பறவை" வந்தது. அதுவும் தென்கடற்கரைக் கிறிஸ்தவ மீனவர்களின் கதைதான். அதில் மாதா கோயிலும் உண்டு, ஜெபமும் உண்டு. நமக்குப் பிடிக்காத சங்கதிகளும் உண்டு. ஆனாலும் மீனவன் செத்தது எப்படி என்று கேட்டால், இலங்கைக் கடற்படையின் குண்டால் செத்தான் என்று அந்தப் படம் பதில் சொல்லுகிறது. பதில் சொல்லுகிற படத்துக்கும் பதிலை ஆகாயத்தில் தேடுகிற படத்துக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

இதெல்லாம் எங்கேயோ தெற்கே நடக்கிற காரியம் என்று தாம்பரத்துத் தோழர்கள் எண்ண வேண்டாம். வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகக் கொஞ்ச தூரம் கிழக்கே போனால் கோவளம். அதுவும் பழைய துறைமுகம். நவாபு காலத்துக் கோட்டை இருந்து, 1752-ல் கிளைவ் பிடித்து இடித்த ஊர். அங்கேயும் மாதா கோயில் உண்டு, தர்கா உண்டு, மீனவர் குப்பம் உண்டு. கோட்டை இருந்த பக்கத்தில் இப்போது பணக்காரர் தங்கும் பெரிய ஓட்டல் இருக்கிறது. 2021-ல் அவ்வூர்க் கடற்கரைக்குச் சுத்தத்துக்கான நீலக்கொடிச் சான்றும் கிடைத்தது. சுத்தம் நல்லதுதான். ஆனால் கரை அழகாக அழகாக, படகு இழுத்து வைக்கவும் வலை காயப்போடவும் மீனவனுக்கு இடம் எவ்வளவு மிச்சம் இருக்கும் என்று கேட்க ஆள் வேண்டும். நாளைக்கு அங்கேயும் ஒரு படம் எடுக்க வருவார்கள். அப்போது அந்தக் குப்பத்து ஜனங்களை எப்படிக் காட்டப்போகிறார்கள் என்பது, இன்றைக்கு நாம் எதைக் கைதட்டிப் பார்க்கிறோம், எதைக் கேள்வி கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது.

ஆகவே தோழர்களுக்கு நாம் சொல்லிக்கொள்ளுவது: படம் பாருங்கள், பாட்டும் கேளுங்கள். கொட்டகையை விட்டு வெளியே வரும்போது மூன்றே கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். இதில் கஷ்டப்பட்டவன் யார்? அவன் கஷ்டத்துக்குக் காரணம் என்று யாரைக் காட்டினார்கள்? அந்தக் காரணத்தை மனிதன் கையால் மாற்ற முடியுமா, முடியாதா? முடியாது என்று படம் சொன்னால், அது எவ்வளவு அழகாக இருந்தாலும் பழைய கோயில் கதையே. விளக்கு மாத்திரம் புதிது.

"கடல்" படத்துத் தாமஸ் என்கிற பையனுக்குக் கடைசியில் மன்னிப்புக் கிடைத்தது. அவன் கேட்டது அதுவல்ல. அவனுக்குப் பாதிக்கப்பட்டது தகப்பன் வீட்டில் உள்ள உரிமையும், தாய்க்குச் சேர வேண்டிய மரியாதையும். அவற்றை யார் கொடுக்க வேண்டும் என்று படம் கடைசி வரையில் சொல்லவில்லை. நாம் சொல்லுகிறோம்: மனிதர் பறித்ததை மனிதரிடமே கேட்டு வாங்க வேண்டும்.